பெயர் தெரிந்தால் போதுமா? கானமனின் புத்தகமும் அதன் நான்காம் அத்தியாயமும்

டேனியல் கானமன் எழுதிய ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ 2011இல் வெளிவந்தது. அதை வாசித்த நண்பர்களிடம் பேசும்போது ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவர்களுக்கு யாராவது ஒருவர் தெரிகிறார். நஷ்டத்தில் கிடக்கும் பங்கை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் சித்தப்பா, இன்டர்வியூவுக்கு வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் முடிவு செய்துவிடும் மேனேஜர், வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் நம்பும் அத்தை. எல்லோரும் அதில் இருக்கிறார்கள், வாசித்தவரைத் தவிர. “மச்சி, இது அப்படியே எங்க டீம் லீடு டா” என்றுதான் பேச்சே தொடங்குகிறது.

கானமனும் இதை எதிர்பார்த்துத்தான் எழுதினார். ஆபீசில் தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் நின்று வம்பு பேசுகிறவர்களை மனதில் வைத்து எழுதுவதாக முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். நம் பிழையைவிட அடுத்தவர் பிழை சுலபமாகக் கண்ணில் படும். அடுத்தவர் முடிவுகளைப் பற்றிப் பேச நல்ல சொற்கள் புழக்கத்துக்கு வந்தால், நம்மைப் பற்றியும் நாலு பேர் அப்படிப் பேசுவார்கள் என்ற எண்ணம் நம்மைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். இது அவர் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கு பலித்ததா என்பதுதான் என் கேள்வி. மனச்சாய்வுகளின் பெயர்கள் தெரிந்த ஒருவர், தெரிந்திருப்பதாலேயே நல்ல முடிவு எடுக்கிறாரா? இல்லை என்று நினைக்கிறேன். அதற்கு நான் கூப்பிடும் முதல் சாட்சி கானமனின் புத்தகமேதான்.

*

காக்னிட்டிவ் பயாஸ் என்பதை இங்கே மனச்சாய்வு என்று எழுதுகிறேன். தமிழில் சாய்வு என்றதும் தராசு ஞாபகம் வரும். கூடவே ஒரு குற்றச்சாட்டும் வரும். குறளில் நடுவுநிலைமைக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காமல் நிற்பது அங்கே ஓர் அறம். அதை மீறிச் சாய்கிறவனுக்கு ஒரு காரணம் இருக்கும்: உறவு, பகை, ஆசை, காசு. நம் மரபு சாய்வை எப்போதும் ஏதோவொரு விருப்பத்தோடு சேர்த்தே புரிந்துகொண்டிருக்கிறது.

கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1970களில் காட்டியது வேறொன்றை. யாருக்கும் ஒரு பைசா ஆதாயம் இல்லாத இடத்திலும் மனம் சாய்கிறது. அதுவும் கண்டபடி சாய்வதில்லை. எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய அளவுக்கு ஒழுங்காகச் சாய்கிறது. இது சாதாரணக் கண்டுபிடிப்பு இல்லை. நேர்மையான ஆள், கெட்டிக்கார ஆள், எதையும் எதிர்பார்க்காத ஆள், இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள் என்றால், ‘நான் நேர்மையாகத்தான் யோசித்தேன்’ என்ற சமாதானத்துக்கு மதிப்பே கிடையாது.

1983இல் அவர்கள் வெளியிட்ட லிண்டா கணக்கு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லிண்டாவுக்கு 31 வயது. மணமாகாதவர், மனதில் பட்டதைப் பேசுகிறவர், தத்துவம் படித்தவர், மாணவப் பருவத்தில் சமூக நீதிக்காகக் கவலைப்பட்டவர். இப்போது லிண்டா வங்கிக் காசாளராக இருக்க வாய்ப்பு அதிகமா, அல்லது வங்கிக் காசாளராகவும் பெண்ணிய இயக்கத்தில் தீவிரமாக இயங்குபவராகவும் இருக்க வாய்ப்பு அதிகமா? கேட்கப்பட்ட கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்ணியவாதியான வங்கிக் காசாளர்கள் எல்லோரும் வங்கிக் காசாளர்கள்தானே? அப்புறம் எப்படி இரண்டாவது முதலாவதைவிட அதிக வாய்ப்புள்ளதாக இருக்க முடியும்?

கதை எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சங்கடமான உண்மை இருக்கிறது. ஒரு பாத்திரத்துக்குத் தகவல் சேர்க்கச் சேர்க்க, அது நிஜத்தில் இருப்பதற்கான வாய்ப்பு குறைகிறது. வாசகர் நம்புவதற்கான வாய்ப்போ கூடுகிறது. புனைகதை இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது. கதைக்கு அது பலம். அதே புத்தியை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை எடைபோடும்போதும், ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதுவே ஆபத்தாகிறது.

இந்தச் சோதனைக்கு எதிர்ப்பும் வந்தது. ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்ஸர் இதை மனிதப் புத்தியின் கோளாறு என்று சொல்ல மறுத்தார். ‘லிண்டாவைப் போன்ற 100 பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் வங்கிக் காசாளர்கள், எத்தனை பேர் இரண்டும்’ என்று எண்ணிக்கையாகக் கேட்டால் பிழை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கானமனும் இதைப் புத்தகத்தில் ஏற்றுக்கொள்கிறார். இங்கே யாருக்கும் ஞானம் பிறக்கவில்லை, மாறியது கேள்வி மட்டும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் மிச்சம் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

*

இப்போது அந்த நான்காம் அத்தியாயத்துக்கு வருகிறேன்.

நம்மை அறியாமல் காதில் விழும் சொற்கள் நம் நடத்தையை மாற்றுகின்றன என்பதுதான் அந்த அத்தியாயத்தின் விஷயம். மையமான உதாரணம், ஜான் பார்க் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்து 1996இல் வெளியிட்ட சோதனை. கலைத்துப் போட்ட சொற்களை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குக் கொடுத்த சொற்களில் முதுமையை நினைவூட்டும் சொற்கள் கலந்திருந்தன: வழுக்கை, நரை, சுருக்கம், மறதி இப்படி. அந்த மாணவர்கள் வேலை முடிந்து வராந்தாவில் நடந்துபோனபோது மற்றவர்களைவிட மெதுவாக நடந்தார்களாம். இதையும் இதுபோன்ற வேறு சோதனைகளையும் விவரித்துவிட்டு, இந்த முடிவுகளை நம்பித்தான் ஆகவேண்டும், உங்களுக்கும் இது பொருந்தும் என்று வாசகரிடம் அடித்துச் சொல்கிறார் கானமன். புத்தகம் முழுக்கச் சந்தேகத்தைக் கற்றுக்கொடுப்பவர், இந்த ஓர் இடத்தில் சந்தேகப்படவே கூடாது என்கிறார்.

அந்த நடைச் சோதனை இரண்டு முறை செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் 30 மாணவர்கள். 2012இல் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 120 பேரை வைத்து, ஸ்டாப்வாட்ச்சுக்குப் பதில் அகச்சிவப்புக் கருவியால் நேரம் அளந்து, அதைத் திரும்பச் செய்தார்கள். நடை மெதுவாகவில்லை. அடுத்த சோதனையில், மாணவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்று சோதனை நடத்துபவர்களையே எதிர்பார்க்க வைத்தார்கள். அப்போது அந்த விளைவு தலைகாட்டியது. சோதிக்கிறவரின் எதிர்பார்ப்புக்கு அதில் பங்கு இருந்திருக்கிறது. அதே ஆண்டு, இந்தத் துறையின் ஆய்வாளர்களுக்குக் கானமன் ஒரு வெளிப்படையான கடிதம் எழுதினார்: பெரிய விபத்து ஒன்று வந்துகொண்டிருக்கிறது, உங்கள் சோதனைகளை ஒருவருக்கொருவர் திரும்பச் செய்து சரிபாருங்கள் என்று. 2015இல் உளவியலில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த ஒரு கூட்டு முயற்சியின் முடிவு வந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்ரீதியாகத் தேறியவை. திரும்பச் செய்தபோது தேறியது 36 சதவீதம்தான்.

2017இல் கானமன், மிகச் சிறிய மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாகப் பொதுவில் எழுதி ஒப்புக்கொண்டார். இதிலுள்ள முரணையும் அவரே சுட்டிக்காட்டினார். ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து அவர் எழுதிய முதல் கட்டுரை 1971இல் வந்தது. சிறிய மாதிரியில் கிடைக்கும் முடிவை, புள்ளியியல் கற்ற உளவியலாளர்களே எப்படி அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் பொருள். அந்தக் கட்டுரையின் கதையை ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’வின் பத்தாம் அத்தியாயத்தில் சொல்கிறார். அதாவது, பத்தாம் அத்தியாயத்தில் எச்சரிக்கிற அதே குழியில் நான்காம் அத்தியாயத்தில் விழுந்துகிடக்கிறார். நடுவில் அறுபது எழுபது பக்கம் இருந்தாலே அதிகம்.

இதைச் சொல்லி அவரைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் ஆர்வமில்லை. தவறை இவ்வளவு நேராக ஒத்துக்கொண்ட பெரிய ஆட்கள் எந்தத் துறையிலும் குறைவு. என் அக்கறை வேறு. இந்த மனச்சாய்வைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், 40 வருடம் அதைப் பற்றிப் பேசியவர், அதற்குப் பெயர் வைத்தவர். 2002இல் இந்த ஆய்வுகளுக்காகவே பொருளியல் நோபல் வாங்கியவர். அவருக்கே அந்த அறிவு தேவையான நேரத்தில் கைகொடுக்கவில்லை. ஒரு புத்தகத்தை வாரக்கடைசியில் முடித்துவிட்டு எழுந்திருக்கும் நமக்கு மட்டும் கைகொடுத்துவிடுமா?

கைகொடுக்காது என்பதற்கு வேறு ஆதாரமும் உண்டு. மற்றவர்களைவிட நமக்குச் சாய்வு குறைவு என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம் என்பதை எமிலி ப்ரோனின், டேனியல் லின், லீ ராஸ் மூவரும் 2002இல் காட்டினார்கள். அறிவுத்திறன் அதிகமுள்ளவர்களிடம் இந்தக் குருட்டுப் புள்ளி சிறிதாக இருக்குமா என்று வெஸ்ட், மெசர்வ், ஸ்டனோவிச் மூவரும் பார்த்து 2012இல் எழுதினார்கள். சிறிதாக இல்லை. இணையச் சண்டைகளைப் பாருங்கள். “ப்ரோ, இது உங்க கன்ஃபர்மேஷன் பயாஸ்” என்று எழுதுகிறவர் யாராவது அடுத்த வரியில் “எனக்கும் இருக்கலாம், நான் எதை விட்டுட்டேன்னு சொல்லுங்க” என்று எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அந்தச் சொல் ஒரு புது வகைத் திட்டாக மாறிவிட்டது. எதிராளியின் வாதத்துக்குப் பதில் சொல்லாமல் அவருடைய மூளைக்கு நோய் கண்டுபிடிக்கும் வசதி.

*

சரி, அப்போ என்னதான் பண்றது?

இதற்கும் அந்தப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. ஆனால் அது பெயர்ப்பட்டியலில் இல்லை, கானமன் தன் வாழ்க்கையிலிருந்து சொல்லும் மூன்று கதைகளில் இருக்கிறது.

முதல் கதை ஒரு தோல்வி. 1970களில், இஸ்ரேலியப் பள்ளிகளுக்காக முடிவெடுத்தலைப் பற்றியே ஒரு பாடத்திட்டம் தயாரிக்கும் குழுவில் கானமன் இருந்தார். சுமார் ஒரு வருடம் வேலை நடந்தபின், இது முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதித்தர வேண்டும் என்றார். எல்லோருடைய மதிப்பீடும் இரண்டு வருடத்தை ஒட்டியே இருந்தது. பிறகு குழுவிலிருந்த கல்வித்துறை நிபுணர் சீமோர் ஃபாக்ஸிடம், இதேபோல ஆரம்பித்த மற்ற குழுக்கள் என்ன ஆயின என்று கேட்டார். ஃபாக்ஸ் யோசித்துவிட்டுச் சொன்னார்: சுமார் 40 சதவீதக் குழுக்கள் முடிக்கவே இல்லை. முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து வருடம் ஆனது. நம் குழுவின் தரம்? சராசரிக்குக் கொஞ்சம் கீழே. வேடிக்கை என்னவென்றால், இதெல்லாம் தெரிந்த ஃபாக்ஸும் தன் காகிதத்தில் மற்றவர்களைப் போலத்தான் எழுதியிருந்தார். தகவல் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. யாரும் கேட்காதவரை அவருக்கும் அது உதவவில்லை. கேட்டபிறகும் குழு வேலையை நிறுத்தவில்லை. முடிக்க இன்னும் எட்டு வருடம் ஆனது. பாடநூல் கடைசிவரை எந்த வகுப்பறைக்கும் போகவில்லை.

இரண்டாவது கதை விடைத்தாள் திருத்தியது. ஒரு மாணவரின் விடைத்தாளை முதல் கட்டுரையிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் திருத்துவது அவர் வழக்கம். முதல் விடை நன்றாக இருந்துவிட்டால் அடுத்த விடையின் குழப்பத்தையும் பெருந்தன்மையாக மன்னித்துவிடுகிறோம் என்று சந்தேகம் வந்தது. முறையை மாற்றினார். எல்லா மாணவர்களின் முதல் விடையையும் திருத்திவிட்டு, மதிப்பெண்ணைக் கண்ணில் படாத பக்கத்தில் குறித்துவிட்டு, பிறகு எல்லோருடைய இரண்டாவது விடைக்குப் போனார். இப்போது ஒரே மாணவரின் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண்கள் முன்னுக்குப்பின் முரணாக வந்தன. தன் மதிப்பீட்டின் மேலிருந்த உறுதி குறைந்துபோனது என்கிறார். புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. சரியான முறை அவரை அசௌகரியப்படுத்தியது. முன்பிருந்த நிம்மதி, ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்ததால் வந்த நிம்மதி.

மூன்றாவது கதை 1955இல் நடந்தது. இஸ்ரேல் ராணுவத்தில் ஆள் தேர்வுக்கான நேர்காணலை மாற்றி அமைக்கும் வேலை 21 வயதுக் கானமனிடம் வந்தது. அதுவரை, பேட்டி எடுப்பவர் கொஞ்ச நேரம் பேசிவிட்டு ஆளைப் பற்றி ஒரு மொத்த அபிப்பிராயம் சொல்வார். பின்னால் பார்த்தால் அந்த அபிப்பிராயத்துக்கும் அந்த ஆள் எப்படிச் செயல்பட்டார் என்பதற்கும் சம்பந்தமே இருக்காது. கானமன் பொறுப்புணர்வு, பழகும் தன்மை என்று ஆறு குணங்களைப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் நடந்ததை மட்டும் விசாரிக்கும் கேள்விகள். ஒன்றுக்கு மதிப்பெண் போட்டபிறகே அடுத்ததற்குப் போகலாம். பேட்டி எடுப்பவர்கள் எங்களை ரோபோ ஆக்குகிறீர்களா என்று கொதித்தார்கள். சரி, ஆறையும் முடித்தபின் கண்ணை மூடி, இந்த ஆளைப் படைவீரராகக் கற்பனை செய்து, மனதில் தோன்றும் மதிப்பெண்ணையும் போடுங்கள் என்று விட்டுக்கொடுத்தார். முடிவு அவரையே ஆச்சரியப்படுத்தியது. ஆறு குணங்களின் கூட்டல் பழைய முறையைவிட நன்றாக வேலை செய்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதே அளவு நன்றாக வேலை செய்தது.

உள்ளுணர்வே வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. உள்ளுணர்வைக் கடைசியில் கூப்பிட வேண்டும், வேலையெல்லாம் முடிந்தபிறகு. தீயணைப்புப் படைத் தலைவர்களின் உள்ளுணர்வை ஆராய்ந்த கேரி க்ளைன் கானமனுக்கு நேர் எதிர் முகாம். இருவரும் சேர்ந்து 2009இல் எழுதிய கட்டுரையில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சூழல் ஓர் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வர வேண்டும். செய்தது சரியா தப்பா என்பது சீக்கிரம் தெரிய வேண்டும். இரண்டும் இருந்தால் உள்ளுணர்வை நம்பலாம். குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு உப்பு பார்க்கிற அம்மாவுக்கு இரண்டும் உண்டு. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும், வேலையை விடும்போதும், கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லும்போதும் நமக்கு இரண்டுமே கிடையாது.

*

முறை என்று நான் சொல்வது ஏதோ ஆய்வக விஷயமாகத் தோன்றலாம். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியின் சிலம்பு காணவில்லை, திருடியவன் பொற்கொல்லன். சிலம்பு விற்க வந்த கோவலனை அவன் மாட்டிவிடுகிறான். ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிற பாண்டியன், அந்த அவசரத்தில் ஒரு கட்டளை இடுகிறான்: சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள்.

வழக்கமாக நாம் இதை ஊழ், நீதி என்று வாசிப்போம். நான் அந்த நிபந்தனையை மட்டும் பார்க்கிறேன். கோவலன் கள்வன் என்றாலும் சிலம்பு கையில் இருக்கும். கள்வன் இல்லை என்றாலும் கையில் இருக்கும். ஏனென்றால் அவன் விற்க வந்ததே சிலம்பைத்தான். இரண்டு பக்கமும் ஒரே பதில் வரும் கேள்வி சோதனையே ஆகாது. அவன் தோற்றத்தைப் பார்த்து இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலர் தயங்கும்போது, பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை வரிசையாகச் சொல்லி அவர்கள் வாயை அடைக்கிறான். நல்லவனாகத் தெரிவதே கள்வனின் வேலை என்றாகிவிட்டால் அப்புறம் எது தெரிந்தாலும் அவன் கள்வன்தான். வேறுபடுத்திக் காட்டும் கேள்வி ஒன்று இருந்தது: உள்ளே பரல் என்ன? முத்தா, மாணிக்கமா? அதைக் கேட்க ஞானம் தேவையில்லை, ஒரு நிமிடம் போதும். அந்தக் கேள்வி கொலைக்குப் பிறகு, கண்ணகி வந்து நின்றபோதுதான் எழுகிறது. பாண்டியன் கெட்ட அரசன் இல்லை. தவறு தெரிந்த கணத்தில் உயிரை விடுகிறவன். அவ்வளவு நேர்மை இருந்தும் அது ஒரு நாள் தாமதமாக வந்தது. நேர்மை கேள்வியின் இடத்தை நிரப்பாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

*

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான பிரச்சினை. பிடித்த எழுத்தாளரின் தொகுப்பைத் திறக்கும்போது முதல் கதை நன்றாக அமைந்துவிட்டால், ஆறாவது கதையின் தளர்வை ‘வேண்டுமென்றே செய்தது’ என்று நாமே விளக்கிக்கொள்கிறோம். அதே தளர்வு புதியவரிடம் இருந்தால் ‘எடிட்டர் பார்க்கலையா?’ என்கிறோம். சிறுகதைப் போட்டிகளில் பெயரை மறைத்துக் கொடுப்பது பாதி வேலைதான். நடுவர்கள் கூடிப் பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் மதிப்பெண்ணையும் இரண்டு வரிக் காரணத்தையும் எழுதி வைத்துவிட வேண்டும். முதலில் பேசுகிறவர் மூத்தவராக இருந்தால் நம் சூழலில் அதற்குப் பிறகு பேச்சே இருக்காது, தலையாட்டல்தான் இருக்கும்.

சொந்த முடிவுகளிலும் இதே விஷயம்தான். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடத்தில் நாவலை முடித்துவிடுவேன் என்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் “உனக்கு பிளானிங் ஃபாலசி” என்று சொல்வதால் ஒன்றும் நடக்காது, கோபம்தான் வரும். கேட்க வேண்டியது ஃபாக்ஸிடம் கேட்ட கேள்வி: இதேபோலக் கிளம்பின உனக்குத் தெரிஞ்ச பத்து பேர் யாரு? எத்தனை பேர் முடிச்சாங்க, எவ்வளவு நாள் ஆச்சு? பதிலை வாயால் சொல்லாமல் எழுத வேண்டும். எழுதியது இருந்தால்தான் ஒரு வருடம் கழித்து ‘நான் அப்பவே நினைச்சேன்’ என்று நினைவு நம்மை ஏமாற்ற முடியாது. க்ளைன் சொல்லித்தந்த இன்னொரு பயிற்சியும் உண்டு. ஒரு வருடம் கழிந்துவிட்டது, திட்டம் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளாளுக்கு எழுதுவது. தோற்குமா என்று கேட்டால் எல்லோரும் தைரியம் சொல்வார்கள். தோற்றுவிட்டது என்று ஆரம்பித்தால் அதுவரை வாய் திறக்காதவர்களும் காரணம் சொல்லத் தொடங்குவார்கள். இவ்வளவுக்கும் பிறகு அவர் வேலையை விடலாம். விட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எத்தனை வருடச் செலவுக்குக் காசு வேண்டும் என்பதாவது தெரிந்து விடுவார்.

2024இல், தன் 90ஆவது வயதில் கானமன் காலமானார். அந்தப் புத்தகத்தை இன்னும் எல்லோரிடமும் பரிந்துரைக்கிறேன், வேறொரு வரிசையில். முதலில் பத்தாம் அத்தியாயம். அது முடிந்த கையோடு நான்காம் அத்தியாயத்தைப் பென்சிலோடு வாசியுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் ‘எத்தனை பேர்?’ என்று எழுதுங்கள். அதன்பிறகு பாடத்திட்டக் கதை வரும் 23, ராணுவ நேர்காணல் வரும் 21. மற்ற அத்தியாயங்களுக்கு அப்புறம் போகலாம். அங்கே உங்கள் சித்தப்பாவும் மேனேஜரும் காத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் அவசரமில்லை.